பெயருள்ள கல், பெயரில்லாத கல்

1

கல்லறைத் தோட்டம் ஒரு பிரதி என்று சொன்னால் இன்று யாரும் திடுக்கிடப்போவதில்லை. எல்லாமே பிரதிதான் என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே தேய்ந்துபோய்விட்டது. ஆனால் இந்தப் பிரதியை எந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு வாசிக்கிறோம் என்ற கேள்வி இன்னும் சரியாகக் கேட்கப்படவில்லை. நம் பழைய ஊர்களின் ஐரோப்பியக் கல்லறைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றை எடுத்துப் பாருங்கள். இன்னார், இந்த வருஷம் பிறந்தார், இந்தப் பதவி வகித்தார், இந்த வருஷம் இறந்தார், அடுத்தவர் – என்று ஒரே வடிவத்தில் போகும். 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தபோது, வரலாற்று அல்லது தொல்லியல் முக்கியத்துவம் உடையவை மட்டும் என்று தலைப்பிலேயே ஒரு சல்லடையைக் கட்டிவிட்டார். அந்தச் சல்லடையைத்தான் நூறு வருஷத்துக்கு மேலாக நாமும் கைமாற்றிக்கொண்டு வருகிறோம்.

சல்லடையில் நிற்காதவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்வது சுலபம். விளிம்பு, மௌனம், மற்றமை என்று நான்கு சொல்லைப் போட்டுக் கட்டுரையை முடித்துவிடலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. சல்லடையில் நின்றவர்களையே எடுத்துக்கொண்டு, அவர்கள் பெயருக்குக் கீழே என்னென்ன புதைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் கடினமான வேலை. அதற்கு எனக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நான் இருப்பது சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டையில். பக்கத்தில் ஏர்க்காடு. அந்த ஊரோடு பிணைந்த இரண்டு மரணங்கள் இந்தக் கட்டுரைக்குப் போதும்: மாமனார் ஒருவர், மருமகன் ஒருவர்.

2

மாமனார் பீட்டர் பேர்சிவல். 1803இல் பிறந்தவர். வெஸ்லியன் மிஷன் பாதிரியாராக யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். பின்னாளில் ஆங்கிலிக்கன் சபைக்கு மாறி, சென்னை மாநிலக் கல்லூரியில் நாட்டுமொழி இலக்கியப் பேராசிரியரானார். 1855இல் 'தினவர்த்தமானி' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1882 ஜூலை 11 அன்று ஏர்க்காட்டில் இறந்தார்.

மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1834இல் பிறந்தவர், 1858இல் இந்திய நிலவியல் துறையில் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் செம்பூராங்கல் சரளையிலிருந்து ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்திய முன்வரலாற்று ஆய்வு அந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பார்கள். 1891இல் ஓய்வு பெற்று, பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் வேலை பார்த்து, ஏர்க்காட்டில் வீடு கட்டிக் குடியேறினார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். உடல் அங்கேயே எரியூட்டப்பட்டது. சாம்பல் ஏர்க்காட்டுக்கு வந்தது. இங்கே தூய திரித்துவ ஆலயத்தில் அவர் பெயர் தாங்கிய நினைவுக்கல் இருக்கிறது.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு முதலாமவரைப் பற்றி ஒரு பாடம் உண்டு. 'ஐரோப்பியர் தமிழ்ப்பணி' என்று அதற்குப் பெயர். அதில் வீரமாமுனிவர், எல்லிஸ், கால்டுவெல், போப் என்று வரிசை போகும். வரிசையின் ஓரத்தில் பேர்சிவல் ஒரு பத்தியில் நிற்பார். பணி என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆட்சி செய்ய வந்தவனும் மதம் மாற்ற வந்தவனும் தமிழுக்குப் பணிந்து ஊழியம் செய்தவர்களாக மாறிவிடுகிறார்கள். இதற்கு எதிர்வினையாக வந்த பின்காலனிய வாசிப்பு இதே வரிசையை அப்படியே தலைகீழாக்கியது. ஊழியர் ஒற்றர் ஆனார், தொண்டு சூழ்ச்சி ஆனது. இரண்டு வாசிப்புக்கும் சண்டை பலமாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரு இடத்தில் ஒத்துப்போகின்றன. கல்லில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வேலையைச் செய்தவர், நல்லதோ கெட்டதோ அவர் கணக்கில்தான் – இதில் இரு தரப்புக்கும் சந்தேகமே கிடையாது.

ரோலண்ட் பார்த் 1967இலேயே ஆசிரியனின் மரணத்தை அறிவித்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து ஃபூக்கோ வேறு ஒரு பக்கத்திலிருந்து வந்தார். ஆசிரியன் என்பது ஓர் ஆள் அல்ல, பல பிரதிகளைக் கட்டி ஒரு மூட்டையாக்கி மேலே எழுதப்படும் பெயர் செய்கிற காரியம் அது என்றார். நாம் இதைப் படித்தோம், மொழிபெயர்த்தோம், சண்டை போட்டோம். கவிதைக்கும் நாவலுக்கும் பொருத்திப் பார்த்தோம். கல்லறைக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. செத்துப்போன ஆசிரியனுக்குக் கல்லும் நட்டு, அதில் பெயரையும் வெட்டி, அந்தப் பெயரை வைத்தே வரலாறும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

3

பேர்சிவல் என்ற பெயரின் கீழ் இருக்கும் முதல் மூட்டை 1850இல் அச்சான தமிழ் விவிலியம். அந்த மொழிபெயர்ப்பில் பல வருஷம் உடனிருந்து உழைத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. 1848இல் அதைப் பரிசோதனைக்காகச் சென்னைக்குக் கொண்டுபோனபோதும் நாவலர் கூடப் போனார். கிறிஸ்தவர்கள் எழுதிய வரலாற்றில் இது பேர்சிவல் மொழிபெயர்ப்பு. சைவர்கள் எழுதிய நாவலர் சரித்திரங்களில் இது நாவலர் மொழிபெயர்ப்பு. ஒரே மூட்டை, இரண்டு பெயர்ச்சீட்டு. சீட்டுக்காக நடக்கும் சண்டையில் மூட்டையை யாரும் அவிழ்ப்பதில்லை. பாப்ரிஷியஸ், இரேனியுஸ் வழி வந்த தமிழில் ஊறிப்போன தென்னாட்டுச் சபைகள் அந்த மொழிபெயர்ப்பை ஏற்கவில்லை. 1871இல் பவர் தலைமையிலான திருப்புதல் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தோற்றுப்போன ஒரு பிரதிக்கு உரிமை கொண்டாட இத்தனை பேர் வருவதே வினோதம்தான். கேட்டுப் பழகிய தமிழை விட மாட்டோம் என்று சொன்ன அந்தச் சபைக்காரர்களுக்கு, அதாவது பிரதியின் விதியை உண்மையில் தீர்மானித்த வாசகர்களுக்கு, எந்தச் சரித்திரத்திலும் பெயர் இல்லை.

நாவலர் அங்கிருந்து எடுத்துக்கொண்டு போனது முக்கியம். அச்சகம், பள்ளிக்கூடம், பிரசங்கம், நிறுத்தக்குறியிட்ட உரைநடை – மிஷனின் ஆயுதங்கள் அத்தனையையும் மிஷனுக்கு எதிராகத் திருப்பினார். இதை எதிர்ப்பு என்று கொண்டாடலாம், கொண்டாடுகிறோம். ஆனால் அவர் காத்து நின்ற சைவ ஒழுங்கில் சாதிக்கு ஒரு நிலையான இடம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் பெயரை அழித்துவிட்டு நம்மவர் பெயரை எழுதினால் கல் சுத்தமாகிவிடாது.

இரண்டாவது மூட்டை பழமொழிகள். 1874இல் வந்த அவருடைய பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இருக்கின்றன. பழமொழிக்கு ஆசிரியன் கிடையாது. அது களத்துமேட்டிலும் கிணற்றடியிலும் மாமியார் வாயிலும் புழங்கிப் புழங்கி, தேவையில்லாதது உதிர்ந்து, கூராகி வந்தது. அந்த ஆறாயிரத்தையும் அகரவரிசையில் அடுக்கி, எண் போட்டு, மேலே ஒரு பெயர் எழுதியாயிற்று. யார் சொன்னது, எந்த ஊரில் சொன்னது, எந்தச் சாதி எந்தச் சாதியைப் பார்த்துச் சொன்னது – எல்லாம் அகரவரிசையில் கரைந்துபோயிற்று. பழமொழிகளில் பாதி ஒருவனை ஒருவன் குத்துவதற்காகச் சொன்னவை. குத்தியவனும் குத்துப்பட்டவனும் இல்லாமல் போனபின் அது 'தமிழர் ஞானம்' ஆகிவிடுகிறது.

4

இப்போது மருமகனிடம் வருவோம். அவரும் அதே வேலையைத்தான் செய்தார். ஆசிரியன் இல்லாத பொருள்களைத் திரட்டினார். கல்லைக் கல்லால் தட்டிச் சில்லு பெயர்த்துக் கூராக்கிய கைகளுக்குப் பெயர் இல்லை, மொழி தெரியாது, இனம் தெரியாது. அவர் சேர்த்தவை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போயின. அட்டவணை 1914இலும் குறிப்புகள் 1916இலும், அவர் இறந்தபிறகு அச்சேறின. அங்கே அதற்கு 'ஃபூட் திரட்டு' என்று பெயர். மாமனார் வாய்ச்சொல்லைத் திரட்டினார், மருமகன் கைக்கல்லைத் திரட்டினார். ஆயிரமாயிரம் பேரற்றவர்களின் மேல் ஒரு பெயர் எழுதி மூடுகிற அந்தக் காரியம் இரண்டிலும் உண்டு.

இந்தக் குடும்பத்துக்குள் இன்னொரு முரணும் இருக்கிறது. அன்றைய ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரத்தில் ஆர்ச்பிஷப் அஷர் கணக்கு அச்சாகியிருக்கும் – உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004 என்று. மாமனார் ஆதியாகமத்தைத் தமிழாக்கிய 13 வருஷத்துக்குள், அந்தக் கணக்குக்குள் அடங்கவே அடங்காத ஒரு கல்லை மருமகன் பல்லாவரத்தில் கையில் எடுத்தார். பிரான்சில் கிடைத்த கற்கருவிகளை ஐரோப்பிய விஞ்ஞானிகள் ஒத்துக்கொண்டதே 1859இல்தான். நான்கு வருஷத்தில் அது சென்னைக்கு வந்துவிட்டது.

ஆனால் திரட்டு என்ற காரியம் ஒன்றாக இருந்தாலும் முறை ஒன்றல்ல. என் வாதம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. ஃபூட் இடத்தை எழுதிவைத்தார். எந்த ஊர், எந்த ஆற்றங்கரை, எந்த மண்ணடுக்கு என்று குறிப்பு இருக்கிறது. 1863இலேயே வில்லியம் கிங்கோடு சேர்ந்து அவர் கண்ட அத்திரம்பாக்கத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துத் திரும்பிப் போக முடிந்தது. அங்கே தோண்டியவர்கள் மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள். இடைப் பழங்கற்கால நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் சொன்னார்கள். திரட்டியவரின் பெயரைத் தாண்டி, கருவி செய்தவன் உட்கார்ந்த இடம்வரை போக வழி இருந்தது. பேர்சிவலின் பழமொழியிலிருந்து அதைச் சொன்ன கிழவியிடம் திரும்பிப் போக வழியே கிடையாது. பெயரை வெட்டிவைப்பது அதிகாரம் என்றால், இடத்தைக் குறித்துவைப்பது அந்த அதிகாரத்துக்குள்ளேயே விடப்பட்ட ஒரு கதவு.

5

சேர்வராயன் மலையில் புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. சில பழைய கோயில்களில் சாமியாகவே இருந்தன. வழவழவென்று தேய்த்த கல்லை மலையாளிகள் கும்பிட்டார்கள். (கேரளத்தாரைச் சொல்லவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்கள் வாய்மொழி வரலாற்றைச் சொல்லும், தமிழ் பேசும் இந்த மலைக்குடிகளைச் சொல்கிறேன்.) ஒரே கல் வெட்டியவனுக்குக் கோடரி, கும்பிட்டவனுக்குச் சாமி, திரட்டியவருக்குச் சான்று. மூன்றுமே வாசிப்புகள். இவற்றில் ஒன்றை மட்டும் அறிவு என்றும் மற்றொன்றை மூடநம்பிக்கை என்றும் பிரிப்பது எது? கல்லின் மேல் எண் எழுதும் உரிமை யாரிடம் இருந்தது என்பதுதான்.

நமக்குக் கல் நடும் மரபு இல்லாமலும் இல்லை. இந்த மலைக்குக் கீழே தருமபுரியிலும், வடக்கே செங்கத்திலும் நடுகற்கள் வரிசையாகக் கிடைத்தன. மாடுபிடிச் சண்டையில் செத்தவனுக்குப் பெயர், ஊர், யாருக்காகச் செத்தான் என்ற விவரம் எல்லாம் உண்டு. தொல்காப்பியம் கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவதுவரை படிமுறையே வகுத்திருக்கிறது. அங்கேயும் பெயர் செத்தவனுக்கும் அரசனுக்கும்தான். கல்லைச் சுமந்துவந்தவனுக்கும் உளி பிடித்தவனுக்கும் இல்லை. ஆகவே இதை வெள்ளைக்காரன் கொண்டுவந்த வியாதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் இந்தக் கல்லறைகளைப் பற்றிக் கேட்டேன். "அது தொரைமாருங்க படுத்திருக்கிற எடம் தம்பி. நம்ம ஆளு ஒருத்தன் பேரும் அதுல இருக்காது. ஆனா அங்க இருக்கிற செடி, செவுரு, பாதை எல்லாம் நம்ம ஆளு வச்சதுதான்" என்றார். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. குழி வெட்டி நாற்று நட்டவர்கள் யார் என்பது ஒரு புத்தகத்திலும் பெயரோடு இல்லை. பெரியவர் சொன்னதைத் தொழிலாளி வர்க்கத்தின் குரல் என்று மாலை போட்டு உட்கார வைக்க எனக்கு விருப்பமில்லை. அவர் சொன்னதில் ஒரு வாசிப்பு முறை இருக்கிறது. பெயரைத் தேடாதே, வேலையைத் தேடு என்கிறது அது.

6

அப்படியானால் இந்தக் கல்லறைகளை என்ன செய்யலாம்? விழுந்தால் விழட்டும் என்று விடுவது ஒரு நிலைப்பாடு. காலனியச் சின்னம் என்று அதற்கு ஒரு கோட்பாட்டுச் சமாதானமும் ரெடியாக இருக்கிறது. சுண்ணாம்பு அடித்துப் பலகை மாட்டி, டூரிஸ்டுகளுக்குக் காட்டுவது இன்னொன்று. முதலாவது, பெயரை அழித்தால் அதன் கீழ் இருப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள் என்று நம்புகிறது. வரமாட்டார்கள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால்தான் நாவலரும், 'தினவர்த்தமானி'யில் வேலை பார்த்துப் பிறகு கலித்தொகையை 1887இல் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும், சபைகளில் முணுமுணுத்த பெயர் தெரியாத வாசகர்களும் நம் கைக்குச் சிக்குகிறார்கள். கல் போனால் அந்தப் பிடியும் போயிற்று. இரண்டாவது, பெயரைப் பளிச்சென்று துடைத்து வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது.

கல் நிற்கட்டும். பட்டியலும் இருக்கட்டும். ஆனால் பட்டியல் எழுதுகிறவர்கள் ஃபூட் தன் கற்களுக்குச் செய்ததை மனிதர்களுக்கும் செய்ய வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இன்னும் இரண்டு பத்தி வேண்டும்: இந்த வேலை எந்த இடத்தில் நடந்தது, யார் யார் கை அதில் பட்டது. பல இடங்களில் இரண்டாவது பத்தி காலியாகத்தான் இருக்கும். காலியாக இருப்பதைக் காலியாகவே அச்சிட வேண்டும், கோடு போட்டு மூடிவிடக் கூடாது. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் 'ஐரோப்பியர் தமிழ்ப்பணி' பாடத்தை இந்த வகையில் திருத்தி எழுதினால், பேர்சிவலுக்குக் கிடைக்கும் ஒரு பத்தி பத்துப் பேரின் வரலாறாக விரியும். பழமொழித் திரட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், இது இங்கே யார் யாரிடம் எப்போது சொல்வது என்று கேட்கும் வேலையைக்கூட இன்றும் செய்யலாம். சொன்ன கிழவி இல்லை. ஆனால் அவள் பேத்திகள் இன்னும் அதே குத்தல் பேச்சைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.