பாடலைக் கடைக்கு அனுப்பும் இடைத்தரகர்கள்

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களில் தனி இசைக்கலைஞர் தம் பாடலை நேரடியாக ஏற்ற முடியாது. ஒலிப்பதிவையும் அட்டைப்படத்தையும் பாடல் விவரங்களையும் வாங்கித் தளங்களுக்கு அனுப்பி, வரும் பணத்தைக் கணக்கிட்டுத் தருவது டிஜிட்டல் விநியோக நிறுவனங்களின் வேலை. இந்த இடைத்தரகரை விலக்கிப் பார்க்க ஸ்பாட்டிஃபையே ஒருமுறை முயன்றது. 2018இல் சில கலைஞர்களுக்கு நேரடி ஏற்றத்தைத் திறந்து, மறு ஆண்டே மூடிவிட்டது. ஆகவே எந்த இடைத்தரகர் என்ற கேள்விதான் மிஞ்சுகிறது.

கட்டண முறைகள் மூன்று. 1998இல் டெரிக் சிவர்ஸ் தொடங்கிய சிடி பேபி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரே தடவை சுமார் 10 டாலர் வாங்குகிறது. பிறகு வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2013இல் வந்த டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தாவைக் கொண்டுவந்தது: தொடக்கத்தில் 19.99 டாலர், எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம், ராயல்டியில் கழிவு இல்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆண்டுதோறும் வசூலித்துவந்த டியூன்கோரும் 2022இல் இந்த வழிக்கு வந்தது. ரூட்நோட் முன்பணம் கேட்பதில்லை. 15 சதவீதம் கழித்துக்கொள்ளும்.

'ராயல்டி முழுவதும் உங்களுக்கே' என்ற விளம்பரம் காதுக்கு இனிது, கணக்குக்கு அவ்வளவு இனிதல்ல. ஆண்டுக்கு 20 டாலர் சந்தாவும் 9 சதவீதக் கழிவும் சமமாவது, ஆண்டு வருமானம் 222 டாலரைத் தொடும்போது. ஒரு கேட்புக்கு 0.003 டாலர் என்று வைத்துக்கொண்டால் அதற்குச் சுமார் 74,000 கேட்புகள் வேண்டும். தளங்கள் நிலையான விலை எதையும் தருவதில்லை. மொத்த வசூலில் கேட்பு விகிதப்படி பங்கு பிரிக்கின்றன. சந்தா மலிவாகவும் இலவசக் கேட்பு மிகுதியாகவும் உள்ள இந்தியாவில் அந்தப் பங்கு இன்னும் சிறுத்துவிடும். போதாததற்கு, 12 மாதங்களில் 1,000 கேட்புகளை எட்டாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் எதுவும் தருவதில்லை. பூஜ்யத்தில் 100 சதவீதமும் பூஜ்யம்தான். எனினும் மாதம் ஒரு பாடல் வெளியிடுபவருக்குச் சந்தாவே லாபம்; வெளியீட்டுக் கட்டண முறையில் அவருக்கு ஆண்டுக்கு 120 டாலர் ஆகிவிடும்.

சந்தா முறையின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. பணம் கட்டுவது நின்றால் பாடல்கள் தளங்களிலிருந்து இறக்கப்படலாம். வங்கி அட்டை காலாவதியானாலும் சரி, கலைஞரே காலமானாலும் சரி, விளைவு ஒன்றுதான். தவிர்க்க விரும்பினால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனியே ஒரு தொகை கட்ட வேண்டும்; டிஸ்ட்ரோகிட் இதை உபரிச் சேவையாகவே விற்கிறது. பழைய கேசட் யாராவது ஒருவர் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். சந்தா நின்ற பாடலுக்கு அந்தப் பரணும் இல்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பாடல் வெளியிட்டு நெடுங்காலம் நிற்க விரும்புபவருக்கு ஒருதடவைக் கட்டணமே பொருத்தம் என்று சொல்லத் தோன்றுவது இதனால்தான்.

நிறுவனம் மாறுவது முடியாத காரியமல்ல. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறி உண்டு. அதே குறி, அதே ஒலிக்கோப்பு, அதே விவரங்களோடு புதிய நிறுவனம் வழியாக முதலில் ஏற்றிவிட்டு, அது தளங்களில் தெரிந்த பிறகு பழையதை இறக்கினால் கேட்பு எண்ணிக்கை பெரும்பாலும் தொடரும். அவசரப்பட்டுப் பழையதை முதலில் இறக்கினாலோ, புதுக் குறி வாங்கினாலோ கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கக்கூடும்.

விநியோக நிறுவனங்கள் விற்கும் இன்னோர் உபரிச் சேவை யூட்யூபின் கன்டென்ட் ஐடி: பிறர் ஏற்றும் காணொளிகளில் நம் ஒலிப்பதிவை இயந்திரம் கண்டுபிடித்து உரிமை கோரும் முறை. கர்நாடக இசைக்காரர்கள் இதை யோசித்தே வாங்க வேண்டும். தியாகராஜர் கீர்த்தனைக்குப் பதிப்புரிமை இல்லை. அதைப் பாடிய பதிவுக்கு உண்டு. இந்த வேறுபாடு இயந்திரத்துக்கு எப்போதும் பிடிபடுவதில்லை. ஒரே கீர்த்தனையை ஒரே ராகத்தில் இருவர் பாடினால், அல்லது ஒரே சுருதிப்பெட்டிச் செயலி இருவர் பின்னாலும் ஒலித்தால், ஒருவர் பதிவின்மேல் இன்னொருவர் பெயரில் உரிமைக்கோரல் எழலாம். எல்லாரும் வாங்கக்கூடிய லூப் என்ற ஆயத்த இசைத்துணுக்குகளைப் பயன்படுத்திய பாடலை இச்சேவையில் சேர்க்க நிறுவனங்கள் தடை வைப்பதும் அதனால்தான். பாபநாசம் சிவன் பாடல்களோ வேறு வகை: அவர் 1973இல் மறைந்ததால் இந்தியச் சட்டப்படி உரிமை 2033 இறுதிவரை நீடிக்கும், அனுமதி பெறும் பொறுப்பு பாடுபவருடையது.

கட்டணப் பட்டியலில் தெரியாத விஷயம் வாடிக்கையாளர் உதவி. பிளேலிஸ்ட்டில் சேர்ப்பதாகச் சொல்லும் விளம்பரக்காரரிடம் கலைஞர் ஏமாந்து, போலிக் கேட்புகள் குவிந்தால், ஸ்பாட்டிஃபை அபராதத்தை விநியோக நிறுவனத்திடமே கேட்கிறது. நிறுவனம் அதைக் கலைஞர் தலையில் இறக்கலாம், பாடலையும் எடுத்துவிடலாம். முறையீட்டுக்கு அந்த நிறுவனமே வாசல். தானியங்கிப் பதில் மட்டும் வரும் இடத்தில் மலிவுச் சந்தாவின் விலை அப்போது தெரியவரும்.

அமெரிக்க நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் இந்தியர் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். நிரப்பினால் அமெரிக்காவில் ஈட்டிய ராயல்டிக்கு இருநாட்டு உடன்படிக்கைப்படி 15 சதவீதம் பிடித்தம், இல்லையேல் 30. மேலும் விநியோக நிறுவனம் வசூலிப்பது ஒலிப்பதிவுக்குரிய பங்கை மட்டும். பாடலை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய பங்கை இந்தியாவில் ஐபிஆர்எஸ் திரட்டுகிறது. அதற்குத் தனியே உறுப்பினராகிப் பாடல்களைப் பதிந்துகொள்ள வேண்டும்.