திருப்பாடும் ஆங்கிலச் சொல்லும்

அகராதியில் அருகருகே நிற்பதனால் சொற்கள் ஒன்றாகிவிடா. மன்னார்த் தீவின் பேசாலைக்குரிய உடக்குப் பாஸ், இயேசுவின் திருப்பாடுகளைப் பாவைகளால் காட்டும் கூத்து மரபாகும். 'திருப்பாடு' என்பதற்கு ஆங்கிலத்தில் எச்சொல் தகும்?

'சஃபரிங்' எவர் துயருக்கும் பொதுவானது. 'அகனி', போராட்டத்தைக் குறித்த கிரேக்கச் சொல்வழி வந்தது. சமய வழக்கில் கெத்சமனித் தோட்டத்து வேதனைக்கே சிறப்பாக உரியது. துன்புறுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினின்று பிறந்த 'பாஷன்', தோட்டம் முதல் சிலுவை மரணம் வரை அனைத்தையும் தழுவும். அது வேட்கையையும் குறிக்குமேயெனின், இடம் நோக்கிப் பொருள் தெளியும். எனவே அதுவே தகும்.

எனினும், 'பாடு' துன்பத்தோடு உழைப்பையும் சுமக்கும் சொல். கடலிற் பாடுபடுவோர் அச்சொல்லில் தம் வாழ்வையும் கேட்பர். 'பாஷன்' இதனைத் தராது. ஆதலின், மொழிபெயர்ப்போர் 'பாடு' என்பதையும் உடன்வைத்து விளக்குதல் கடன்.