கோணல் ஹோலுக்கு ஒரு சோடி ஸ்பீக்கர்

கண்டியில் நாலு பக்கமும் நேரான காணி கிடைப்பது அரிது. அம்பிட்டிய, ஹந்தானை, அஸ்கிரிய என்று எந்தப் பக்கம் போனாலும் வீடு நிற்பது சரிவில்தான். வீதி வளைகிற இடத்தில் மதிலும் வளைகிறது. மதிலை ஒட்டிக் கட்டிய ஹோலும் கூடவே கோணலாகிறது. மலைப் பக்கம் மண்ணைத் தாங்கும் தடித்த சுவர், பள்ளத்தாக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி யன்னல், நடுவில் ஒரு படி, தலைக்கு மேல் சாய்ந்த கூரை. இப்படிப்பட்ட ஹோலுக்கு சவுண்ட் சிஸ்டம் கேட்டுப் போனால் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது ஒரு நீளமான சவுண்ட்பார், இல்லாவிட்டால் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் அடங்கிய பெரிய பெட்டி. நான் இரண்டையும் விட்டுவிட்டு எடிஃபையர் ஆர் 1280 டிபிஎஸ் என்ற சிறிய ஸ்பீக்கர் சோடியை வாங்கி அம்பிட்டியப் பக்கத்து ஹோல் ஒன்றில் பொருத்தினேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் நல்லது. ஆனால் அதை அறையின் எந்த முனையில் வைக்கிறோம் என்பதுதான் பாதிக்கு மேல் தீர்மானிக்கிறது. சரியான முனையில் வைத்தால் கோணல் சுவர் நமக்குச் சாதகமாகவே வேலை செய்யும்.

அறை

நீளம் 17 அடி. ஒரு முனையில் அகலம் 8 அடி, மறுமுனையில் 12 அடி. ஒடுங்கிய முனையில் கூரை 8 அடி உயரம்; அங்கிருந்து ஏறி அகன்ற முனையில் 11 அடிக்குப் போகிறது. தரை சிவப்புச் சீமெந்து. நடுவைத் தாண்டியதும் ஒரு படி ஏறினால் செட்டி போட்டிருக்கும் மேல்தளம். ஸ்பீக்கர் வருவதற்கு முன் நடுவில் நின்று கை தட்டிப் பார்த்தேன். சத்தம் உடனே அடங்காமல் கொஞ்சம் இழுத்தது. ஆனால் இரண்டு நேர்ச் சுவர்களுக்கிடையே தட்டும்போது கேட்கும் அந்தப் படபடவென்ற உலோக எதிரொலி இல்லை. சுவர்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாததால் ஒலி ஒரே பாதையில் போய்வந்துகொண்டிருக்க முடிவதில்லை. கோணல் அறை தரும் முதல் சலுகை இது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக இருக்கும் கச்சிதமான அறைதான் ஒலிக்கு மிக மோசம். அங்கே மூன்று திசைகளின் அதிர்வும் 56 ஹெர்ட்ஸ் என்ற ஒரே இடத்தில் வந்து குவியும்.

சவுண்ட்பார் ஏன் வேண்டாம்?

சவுண்ட்பாரின் சுற்றொலி வித்தை பெரும்பாலும் சுவரை நம்பியிருக்கிறது. பக்கச் சுவர்களில் ஒலியை அடித்துத் திருப்பித்தான் பின்னாலிருந்து வருவதுபோலக் காட்டுகிறது. ஒரு பக்கம் பூச்சுச் சுவர், மறுபக்கம் திறந்த யன்னல் என்றால் அந்த வித்தை ஒரு பக்கத்தில் மட்டும் பலிக்கும். டொல்பி அட்மொஸ் என்று விற்கப்படும் பல மாதிரிகளில் ஒலியை மேலே எறிந்து கூரையில் தெறிக்க வைக்கும் ஸ்பீக்கர்களும் உண்டு. அதற்குத் தட்டையான சீலிங் வேண்டும் என்று டொல்பி நிறுவனமே சொல்கிறது. சாய்ந்த கூரையில் பட்ட ஒலி நம் தலைக்கு வராமல் வேறெங்கோ போகும். ஐந்து ஸ்பீக்கர் பெட்டியிலும் இதே தொல்லைதான்: பின் ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் வைக்க இந்த ஹோலில் இடமே கிடையாது.

பெட்டிக்குள் என்ன?

இரண்டு மரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 4 அங்குல பேஸ் யூனிட்டும் ஒரு சிறிய ட்வீட்டரும். அம்ப்ளிஃபயர் வலது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மொத்தம் 42 வாட். புளூடூத், ஒப்டிகல், கோஆக்சியல், சாதாரண ஆர்சிஏ என்று நுழைவழிகளுக்குக் குறைவில்லை. பின்னாளில் சப்வூஃபர் சேர்க்க ஒரு வழியும் உண்டு. எச்டிஎம்ஐ கிடையாது. பேஸ் காற்று வெளியேறும் துளை முன்பக்கம் இருப்பதால், சுவரை விட்டுத் தள்ளி வைக்க இடமில்லாத வீட்டுக்கு இது பொருந்தும். பேஸ், ட்ரெபிள், சத்தம் மூன்றுக்குமான குமிழ்கள் வலது பெட்டியின் பக்கவாட்டில் இருக்கின்றன. பெட்டியை அலுமாரிக்குள் நெருக்கி வைத்தால் விரல் போகாது. கரண்ட் வயர் போவதும் வலது பெட்டிக்குத்தான். பிளக் பொயின்ட் இடது மூலையில் இருக்கும் வீட்டில் நீட்டு வயர் ஒன்றைச் சுவரோரமாக ஓட்ட வேண்டியிருக்கும்.

எந்த முனை?

யாரும் டிவியை அகன்ற சுவரில்தான் மாட்டுவார்கள். ஸ்பீக்கரையும் அங்கேயே வைத்தால், கேட்பவரை நோக்கிச் சுவர்கள் ஒடுங்கி வரும். பக்கச் சுவரில் பட்ட ஒலியெல்லாம் புனல் வழியே வருவதுபோல நேராகக் காதில் வந்து விழும். திருப்பி, ஒடுங்கிய முனையில் வைத்தால் சுவர்கள் நம்மை நோக்கி விரிகின்றன. தெறிக்கும் ஒலி நம்மைத் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. ஒலிப்பதிவுக் கூடங்களில் பக்கச் சுவர்களை வேண்டுமென்றே விரித்துக் கட்டுவதும் இதற்காகத்தான். கூரைக்கும் அதே கணக்கு: தாழ்ந்த பக்கத்தில் ஸ்பீக்கர், உயர்ந்த பக்கத்தை நோக்கி ஒலி.

ஆகவே டிவி 8 அடிச் சுவருக்குப் போனது. ஸ்பீக்கர்கள் அந்தச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால், ஒன்றுக்கொன்று ஐந்தரை அடி தள்ளி. இரண்டு கதிரைகள், உட்கார்ந்தால் தலை முன்சுவரிலிருந்து ஆறரை அடியில் வரும்படி. ஸ்பீக்கர் இரண்டும் கேட்பவரும் ஏறக்குறைய சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும் என்பது பழைய விதி. அது இங்கே பொருந்தி வந்தது. ட்வீட்டர் காதின் உயரத்துக்கு வர வேண்டும் என்பதற்காகத் தச்சு பாஸிடம் சொல்லி மரத்தாங்கி இரண்டு செய்வித்தேன்.

அடுத்தது கண்ணாடி வேலை. கதிரையில் நான் உட்கார்ந்துகொள்ள, வீட்டில் இன்னொருவர் கைக்கண்ணாடி ஒன்றைப் பக்கச் சுவரில் பதித்தபடி நகர்த்திக்கொண்டே போனார். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற புள்ளியில்தான் முதல் தெறிப்பு நடக்கிறது. மலைப் பக்கச் சுவரில் அந்த இடத்தில் புத்தக அலுமாரி. யன்னல் பக்கம் அதே இடத்தில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரைச்சீலை. மெல்லிய நைலக்ஸ் திரை பயன்படாது. தரையில் ஒரு தும்புப் பாய். முட்டை அட்டையை மட்டும் ஒட்டாதீர்கள். அது உயர் ஒலியில் கொஞ்சத்தைக் குறைக்கும், பேஸை ஒன்றும் செய்யாது.

பேஸ் எங்கே வீங்குகிறது?

ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் 17 அடிக்கு 33 ஹெர்ட்ஸ் வரும்; அதன் மடங்கு 66. இந்த 4 அங்குல யூனிட்டிடம் 33ஐ எதிர்பார்க்கக்கூடாது. 66 வேறு விஷயம்: பேஸ் கிட்டாரில் சர்வசாதாரணமாக வரும் ஸி சுரம் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியை இறக்கி 66 ஹெர்ட்ஸை ஓடவிட்டு அறையில் நடந்து பாருங்கள். நீளத்தின் சரிபாதியில் காது அடைக்கிற மாதிரி வீங்கும். அங்கிருந்து முன்னால் வர வர வடிந்துவிடும். பின்சுவரில் முதுகை ஒட்டினால் மறுபடி ஊதும். கதிரையை ஆறரை அடியில் போட்டதற்குக் காரணம் இதுதான். அதற்கு மேலும் இருந்த மிச்சத்தைப் பேஸ் குமிழை நடுவிலிருந்து சற்றுக் கீழே இறக்கிச் சரிசெய்தேன். கோணல் சுவர் படபடப்பு எதிரொலியைப் போக்கும். பேஸ் வீக்கத்தைப் போக்காது, கணக்கைக் கொஞ்சம் கலைத்துவிடும், அவ்வளவுதான். நுணுக்கமாக அளக்க விரும்புகிறவர்களுக்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

யன்னலையும் மறக்கக்கூடாது. அறை ஒலியியலைக் கணக்குக்குள் கொண்டுவந்த வாலஸ் சபைன், ஹார்வர்டில் 1895இல் தொடங்கிய ஆய்வில், ஒலியுறிஞ்சலுக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது திறந்த யன்னலைத்தான். வெளியே போன ஒலி திரும்பி வராது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில், மலைச்சரிவில் உட்கார்ந்து நாடகம் பார்த்தவர்களுக்குச் சுவரும் கூரையும் இல்லாத குரலின் தெளிவு தெரிந்திருக்கும். பள்ளத்தாக்குப் பக்க யன்னலைத் திறந்தால் அந்தத் தெளிவில் ஒரு பங்கு ஹோலுக்குள் வந்துவிடுகிறது, ஒரு சதம் செலவில்லாமல். குரங்குக்குக் கம்பி வலை மட்டும் வேண்டும். கீழ்வீட்டின் கூரை நம் தரை மட்டத்தில் இருப்பதால் இரவில் யன்னலை மூடுவது மரியாதை.

பாட்டு

சோதனைக்கு முதலில் எடுக்க வேண்டியது பழைய மோனோப் பாட்டு. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) பாடல்களைப் போட்டேன். மோனோவில் இரண்டு ஸ்பீக்கரிலும் வருவது ஒன்றே. ஆகவே பி. சுசீலாவின் குரல் டிவியின் நட்டநடுவில் நிற்க வேண்டும். திரைச்சீலையை ஒதுக்கியிருந்தபோது குரல் யன்னல் பக்கம் ஒரு சாண் சாய்ந்து நின்றது, நாதஸ்வரம் கண்ணாடியில் பட்டுக் கீச்சிட்டது. திரையை இழுத்துவிட்டதும் குரல் நடுவுக்கு வந்தது. இதைவிட எளிய அளவுகோல் இல்லை.

அடுத்து ‘மூடுபனி’யின் (1980) ‘என் இனிய பொன் நிலாவே’. கிட்டார் கம்பியில் விரல் படும் ஓசையும் யேசுதாஸின் குரலும் தெளிவாகப் பிரிந்து நின்றன. இந்த ஸ்பீக்கரின் பலம் குரல்தான். ‘ரோஜா’ (1992) காலத்துக்குப் பிந்திய பாடல்களில் அடியாழத்து பேஸ் வரும்போது எல்லை தெரிகிறது: தாளம் கேட்கிறது, நெஞ்சில் அதிர்வதில்லை. சத்தத்தை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றினால் ஒலி இறுகுகிறது. கல்யாண வீட்டுச் சத்தம் வேண்டுமானால் இது உங்களுக்கானதல்ல. படி ஏறிய மேல்தளத்தில், செட்டியில் உட்கார்பவர்களுக்கு வசனம் தெளிவாகக் கேட்கும், ஆனால் முன்கதிரையின் அகலமும் ஆழமும் கிடைக்காது. நல்ல இடம் இரண்டு பேருக்குத்தான்.

கண்டிக்கென்று சில

டிவியை ஒப்டிகல் வயரால் இணையுங்கள். புளூடூத்தில் உதடு முந்தும், சத்தம் பிந்தும். டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். டொல்பியில் விட்டால் ஸ்பீக்கருக்கு அது புரியாது. ஒப்டிகலில் மின்தொடர்பு இல்லாததால் டிவி வழியே வரும் ம்ம்ம் என்ற இரைச்சலும் இல்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுவதே உத்தமம். மண்ணைத் தாங்கும் சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும். அலுமாரியையும் ஸ்பீக்கரையும் அதில் ஒட்டாமல் காற்றுப் போக இடம் விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

வாங்கலாமா?

டிவி, பாட்டு, செய்தி என்று கலந்து கேட்கும் சிறு குடும்பத்துக்குத் தாராளமாக வாங்கலாம். சண்டைப் படத்துக்கு வீடு அதிர வேண்டும் என்பவர்கள் சப்வூஃபருக்கும் காசு ஒதுக்க வேண்டும். ஆனால் எந்த ஸ்பீக்கர் என்றாலும் செலவின் வரிசை ஒன்றுதான்: முதலில் ஹோலைத் திருப்பிப் போடுங்கள், அதற்குச் செலவில்லை, பிறகு திரைச்சீலை, அலுமாரி, பாய், அதற்கப்புறம் ஸ்பீக்கர். கையில் மிச்சமிருந்தால் சப்வூஃபர். கடையில் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள்.