இதழ்ப் பக்கமும் தமிழ்ச் சொல்லின் நீளமும்: ஒரு மாணவர் இதழின் மூன்று வரைவுகளை முன்வைத்து

இதழ்ப் பக்க வடிவமைப்பை ஓவியர்க்கும் அச்சகத்தார்க்கும் உரிய பொருளாகவே நம் மொழியியலாருள் பலர் கருதி வந்துள்ளனர். வரியின் அகலம், சொல்லிடை வெளி, தலைப்பின் அளவு முதலியன மொழிக்குப் புறத்தே நிற்பன என்பது இக்கருத்தின் அடிப்படை. இது பொருந்தாது என்பதைச் சிறு சான்றொன்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

புணேயின் விமான் நகர்ப் பகுதியில் ஊடகக் கல்வியும் வடிவமைப்புக் கல்வியும் பயிற்றும் நிறுவனங்கள் உள்ளன. அங்குப் பயிலும் தமிழ் மாணவர் சிலர் தம் பாடப்பணியாக ஆக்கிய இதழொன்றின் மூன்று வரைவுகள் கட்டுரையாளரின் பார்வைக்கு வந்தன. இதழின் ஒரு பாதி ஆங்கிலம். மறுபாதி அதன் தமிழாக்கம். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவே அவற்றை அனுப்பியிருந்தனர். ஆனால் மொழிபெயர்ப்பாளர் செய்த பிழைகளைக் காட்டிலும் பக்கத்திலிருந்து மொழிபெயர்ப்புக்குள் புகுந்த பிழைகளே மிகுதியாக இருந்தன.

முதல் வரைவு மூன்று பத்திகள் கொண்டது; இருபுற ஓரமும் நேராக்கப்பட்டது. கட்டுரைகள் எழுதப்படுமுன்னரே, 'லோரெம் இப்சம்' எனத் தொடங்கும் போலி உரையை இட்டு இப்பக்கங்களை அமைத்துள்ளனர். வடிவமைப்பாளர் உலகெங்கும் கையாளும் இவ்வுரை சிசெரோவின் இலத்தீன் நூலொன்றிலிருந்து சிதைத்து எடுக்கப்பட்டது. அதில் ஈரெழுத்து, ஐயெழுத்துச் சொற்கள் மிகுதி. ஆகவே அப்பத்தியின் அகலம் தமிழுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. இலத்தீனைக் கொண்டு சோதிக்கப்பட்டுத் தமிழுக்குத் தரப்பட்டது.

விளைவை ஒரு சொல்லில் காணலாம். 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது பத்தொன்பது எழுத்துகள் கொண்ட ஒரே சொல். இதனை ஆங்கிலத்தில் ஆறேழு சொற்களால் கூற வேண்டும். அவற்றிடையே வரியை முறிக்க ஐந்தாறு இடங்கள் கிடைக்கும். ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் ஓர் இடமும் இல்லை. சொல்லையே பிளக்க வேண்டும். அல்லது முந்தைய வரியின் சொற்களிடையே ஆறு ஓடுவதுபோல் வெளியை விட வேண்டும். மாணவர்க்கு இரண்டும் நேர்ந்துள்ளன.

சொல்லைப் பிளப்பது குற்றமன்று. இணைகோடு இன்றியே எழுத்தின் பின் வரியை முறிப்பது தமிழ் அச்சின் நெடுநாளைய வழக்கம். ஓலைச்சுவடியோ சொல்லிடை வெளியையே அறியாதது. எவ்விடத்தில் பிளப்பது என்பதே வினா. முதல் வரைவில் 'கேட்டு' என ஒரு வரி முடிய, அடுத்த வரி 'க்கொண்டிருந்த' எனத் தொடங்குகிறது. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பது தொல்காப்பியம் முதல் இலக்கணம் கூறுவது. வரியின் முதலில் புள்ளியெழுத்தைக் காணும் கண் தடுமாறுவது இதனாலேயே எனலாம். ஒற்று முன் அசையைச் சார்ந்தது. 'கேட்டுக்' என முறிப்பதே நெறி. அசையெல்லையில் முறித்தாலும் ஐயம் முற்றும் நீங்குவதில்லை. 'பலகை' என்பது 'பல', 'கை' எனப் பிரிந்தால் வேறு பொருளில் இரு சொற்களாக நிற்கும். உருபன் எல்லையை அறியாத கணிப்பொறியிடம் இதனை முழுமையாக ஒப்படைத்தல் இயலாது.

இரண்டாம் வரைவில் மாணவர் வேறு வழி நாடினர். எழுத்தைச் சிறிதாக்கி, எழுத்திடை வெளியைக் கூட்டியும் குறைத்தும் வரிகளை நிரப்பினர். மூன்று வரைவுகளுள் இதுவே மோசமானது. தேவநாகரியில் எழுத்துகளை விலக்கினால் தலைக்கோடு அறுபடும். பிழை உடனே தெரிந்துவிடும். தமிழில் அத்தகைய எச்சரிக்கை இல்லை. ஒற்றைக்கொம்பு தன் மெய்யைவிட்டு மெல்ல விலகி முந்தைய எழுத்தோடு சேர்ந்தாற்போல் நிற்கும். வாசகர் காரணம் அறியாமலே சலிப்படைவர். பத்துப் புள்ளி எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளி என மென்பொருள் தானே இடும் வரியிடை அளவும் 'ளூ', 'கீ' போன்றவை மேலும் கீழும் நீளும் தமிழுக்குப் போதாது.

மூன்றாம் வரைவில் பத்திகள் இரண்டாயின. வலப்புற ஓரம் நேராக்கப்படாமல் விடப்பட்டது. பாராட்டத்தக்கது என்னவெனில், அகலம் மாறியதும் மாணவர் மொழிபெயர்ப்பையும் திருத்தினர். நீண்ட வினையாலணையும் பெயர்கள் சிலவற்றை இரு தொடர்களாக்கினர். பக்கம் தொடரியலைத் திருத்தியது என்று இதனைக் கூறலாம். மொழிபெயர்ப்பியல் வகுப்புகளில் இத்தகைய சான்று கிடைப்பது அரிது.

எனினும் இவ்வரைவிலும் இரு சிக்கல்கள் எஞ்சுகின்றன. ஒன்று சாய்வெழுத்து. ஆங்கிலத்தில் அழுத்தம் தரச் சாய்த்த சொல்லைத் தமிழிலும் சாய்த்துள்ளனர். தமிழில் சாய்வெழுத்துக்கு வேரூன்றிய மரபு இல்லை. அழுத்தத்தை இடைச்சொல்லும் சொல்வைப்பு முறையும் தருகின்றன. 'அவர் நேற்று வந்தார்' என்பதில் நேற்று என்பதைச் சாய்ப்பதால் பயனில்லை. 'நேற்றே வந்தார்' எனின் அவ்வளவு முன்னதாக என்ற பொருள் கூடும். வேறு நாளன்று என மறுப்பதற்கு 'அவர் வந்தது நேற்று' என்றே அமைக்க வேண்டும். ஆங்கிலப் பக்கத்தில் அச்சுக்கோப்பவர் செய்வதைத் தமிழில் மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டியுள்ளது.

மற்றொன்று, கட்டுரையின் நடுவே பெரிய எழுத்தில் எடுத்துக்காட்டப்படும் வாசகம். நடைபாதையில் பழைய நூல் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த முதியவரைப் பற்றியது கட்டுரை. ஆங்கிலப் பக்கத்தில் அவ்வினைத்தொடர் மட்டும் எடுக்கப்பட்டுத் தனித்து நிற்கிறது. தமிழில் அதே இடத்தை வெட்டினால் 'படிக்கவைத்த' என்னும் பெயரெச்சம் பெயரின்றித் தொங்கும். அவ்வாறே தொங்குகிறது. 'படிக்கவைத்தார்' என முற்றாக்கினால் தீரும். ஆனால் அப்போது அது மேற்கோள் ஆகாது. மேற்கோள் குறியை நீக்க வேண்டும்.

பக்கம் மொழியைப் பாதிப்பது புதிதன்று. பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கி, 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் 'ணா', 'னை' உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகளின் வடிவை மாற்றியது. அச்சுப்பெட்டியின் சுமையைக் குறைத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. கணிப்பொறிக் காலத்திலும் அச்சிடுவதற்கு மட்டும் எழுதும் பழக்கம் நீங்கவில்லை. இம்மாணவர் 'கௌரவம்' என்ற சொல்லை ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் எனக் கோத்துள்ளனர். அச்சில் வேறுபாடு தெரியாது. தேடினால் அச்சொல் அகப்படாது. உரைத்தொகுப்பில் அது வேறொரு சொல்லாகவே எண்ணப்படும். இந்திய மொழிகளின் கணிப்பொறிக் குறியீட்டுக்காக நெடுநாள் உழைத்த சி-டாக் நிறுவனம் 1988இல் தோன்றியதும் இதே புணேயில்தான். மாணவரிடம் இப்பிழையைச் சுட்டியபோது, பக்கத்தில் சரியாகத்தானே தெரிகிறது என்றனர். மூன்றாம் வரைவின் ஏழாம் பக்கத்தில் அச்சொல் இன்னும் அவ்வாறே உள்ளது.