கைம்பெண்ணின் உயில்: யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும்

யாழ்ப்பாணத்தில் கணவனை இழந்த ஒரு தாய் மரணசாசனம் (உயில்) எழுத நினைக்கும்போது, எழுதுவதற்கு அவரிடம் பெரும்பாலும் வீடு இருப்பதில்லை. மகளின் கலியாணத்தோடு அது சீதன உறுதியில் போயிருக்கும். மிஞ்சுவது அந்த வீட்டில் குடியிருக்கும் சீவிய உரித்து (ஆயுள்கால உரிமை), ஒரு துண்டுத் தோட்டக்காணி, நகை, வங்கியில் கொஞ்சம் காசு. தமிழ்நாட்டுத் தாய்க்கோ பல குடும்பங்களில் வீடும் நிலமும் கணவர் போன பிறகுதான் பங்காகக் கைக்கு வருகின்றன. வந்ததும் அவை மகனுக்கு என்று உறவே தீர்மானித்துவிடும். நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே என்று மகள்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அங்கே வீடு மகளைத் தேடிப் போகிறது, இங்கே மகனை. இரண்டு ஊரிலும் அந்தத் தாயின் விருப்பத்தைக் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், வடக்கிலுள்ள தமிழரின் சொத்துரிமையில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. (கிழக்கிலும் மலையகத்திலும் பொதுச் சட்டம்.) முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று அது சொத்தைப் பிரிக்கிறது. மணமான பெண் தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துச் சம்மதமின்றி விற்க முடியாது என்கிறது 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். ஆனால் மரணசாசனம் எழுத அந்தச் சம்மதம் தேவையில்லை. கணவன் இறந்தால் விற்பதற்கான தடையும் நீங்கிவிடும். போரில் கணவன் காணாமற்போன பெண்ணின் நிலைதான் கொடுமை. அவள் சட்டப்படி மனைவியா, கைம்பெண்ணா? காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற ஒன்று வருவதற்கே 2016 ஆகிவிட்டது. அதுவரை மரணச் சான்றிதழ் வாங்க மனம் ஒப்பாத பெண்கள் காணி உறுதியைத் தொட முடியாமல் தவித்தார்கள்.

இந்தியாவில் 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன், கணவன் வழி வந்த சொத்தைக் கைம்பெண் அனுபவிக்கலாம். ஆனால் உயில் எழுதி யாருக்கும் கொடுக்க முடியாது என்றிருந்தது. அந்தச் சட்டத்தின் 14 ஆவது பிரிவு அவளை முழு உரிமையாளர் ஆக்கியது. அதே சட்டத்தின் 15 ஆவது பிரிவை என்னால் ஏற்கவே முடியவில்லை. பிள்ளையில்லாத கைம்பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் உழைத்துச் சேர்த்ததும் முதலில் கணவனின் வாரிசுகளுக்கே போகும். 2009 இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த வழக்கில், மணமான சில மாதங்களிலேயே கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்ட பெண் ஒருத்தி, பிறந்த வீட்டின் ஆதரவில் படித்து, வேலைபார்த்துச் சேமித்திருந்தாள். அந்தச் சேமிப்பு கணவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான் என்று தீர்ப்பானது. இரண்டு சாட்சிகளோடு ஓர் உயில் இருந்திருந்தால் பணம் அவள் நினைத்தவர்களுக்குப் போயிருக்கும்.

ஆம், இந்தியாவில் இரண்டு சாட்சிகள் போதும், பதிவுகூடக் கட்டாயமில்லை. ஆனால் வழக்கென்று வந்தால் அந்தச் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்லவேண்டும் என்பதால், தன்னைவிட இளையவர்களைச் சாட்சியாக வைப்பது நல்லது. இலங்கையில் நொத்தாரிசும் (நோட்டரி) இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். வீட்டுக்குள் ரகசியமாக எழுத அங்கே வழி குறைவு.

பிள்ளைகளுக்குள் சண்டை வரக்கூடாது என்று உயிரோடிருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடும் தாய்மார் இரண்டு ஊரிலும் உண்டு. அதைவிட உயில் மேல். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். கொடுத்தே ஆகவேண்டுமென்றால், யாழ்ப்பாணத்தில் நன்கொடை உறுதியிலேயே சீவிய உரித்தை எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் செட்டில்மென்ட் பத்திரத்தில், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால், பிள்ளை கைவிடும்போது 2007 ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம்.