மேற்கோளை எண்ணினால் மேதையை அளந்ததாகுமா?

ஓர் ஆராய்ச்சித் துறையின் முன்னணி விஞ்ஞானிகள் யார்? இக்கேள்விக்கு விடை கூறும் வரிசைப் பட்டியல்கள் இப்போது ஆண்டுதோறும் வெளியாகின்றன. 'உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகள்' என்ற செய்தியை நீங்களும் நாளிதழில் படித்திருப்பீர்கள். ஒருவருடைய கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கையே இத்தகைய பட்டியல்களின் அடிப்படை. இந்த அளவுகோல் எவ்வளவு பொருத்தமானது? இயற்பியலையே முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

எண் பிறந்த கதை

மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணையாக்கும் யோசனையை 1955-இல் வெளியிட்டவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட். ஒரு கருத்து எந்தக் கட்டுரையில் தோன்றி எங்கெங்கே பரவியது என்று தேடுவோருக்கு அது பேருதவி. கட்டுரைகளைத் தேடப் பிறந்த இந்தக் கருவி, நாளடைவில் ஆட்களை நிறுக்கும் தராசாக மாறியது.

2005-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த இயற்பியலார் ஹோர்ஹே ஹிர்ஷ் 'எச்-எண்' என்ற அளவைப் புகுத்தினார். ஒருவர் எழுதிய ஐந்து கட்டுரைகள் முறையே 50, 20, 8, 4, 1 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன எனக் கொள்வோம். இவற்றுள் நான்கு கட்டுரைகள் நான்கு முறைக்குக் குறையாமல் மேற்கோள் பெற்றுள்ளன. எனவே அவருடைய எச்-எண் 4. கணக்கு எளியது, ஒரே ஒரு கட்டுரையின் புகழால் எண் வீங்கிவிடாது என்பதும் உண்மையே.

ஹிர்ஷ் தந்த வரிசையில் இயற்பியலாருள் எட்வர்ட் விட்டன் 110 பெற்று முதலிடத்தில் நின்றார். ஆலன் ஹீகர் 107, பிலிப் ஆண்டர்சன் 91, ஸ்டீவன் வைன்பெர்க் 88, ஸ்டீபன் ஹாக்கிங் 62. இதைக் கொண்டு ஹாக்கிங்கைவிட ஹீகர் உயர்ந்தவர் என்று சொல்லலாமா? ஹீகர் மின் கடத்தும் பாலிமர்களை ஆராய்ந்தவர். ஹாக்கிங் கருந்துளைகளை ஆராய்ந்தவர். ஆட்கள் மிகுந்த துறையில் கட்டுரைகள் மிகுதி, மேற்கோள்களும் மிகுதி. துறையின் கூட்டத்தையும் சேர்த்தே இந்த எண் அளக்கிறது. உயிரியலில் சாலமன் ஸ்னைடரின் எண் 191 என்று ஹிர்ஷே குறிப்பிட்டிருக்கிறார். விட்டனைவிட ஸ்னைடர் ஏறக்குறைய இரு மடங்கு பெரிய விஞ்ஞானி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மூன்று குறைகள்

முதற்குறை, காலம். மின்காந்த விசையையும் மென்விசையையும் இணைக்கும் மூன்று பக்கக் கட்டுரையை வைன்பெர்க் 1967-இல் வெளியிட்டார். முதல் சில ஆண்டுகள் அதை மேற்கோள் காட்டியவர்கள் இல்லை என்றே சொல்லலாம். 1971-இல் நெதர்லாந்தின் இளைஞர் ஜெரார்ட் எட் ஹூஃப்ட் இவ்வகைக் கோட்பாடுகள் கணித முறையில் செல்லும் என்று நிறுவியதும், மேற்கோள்கள் வெள்ளமாய்ப் பெருகின. 1979-இல் நோபல் பரிசும் வந்தது. 1967-க்கும் 1972-க்கும் இடையே கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது உலகின் கவனம்தான்.

இரண்டாவது குறை, எண்ணிக்கை. எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டி எச்-எண் வளராது. துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை 1964-இல் ஆராய்ந்த பீட்டர் ஹிக்ஸ், அதன்பின் பத்துக்கும் குறைவான கட்டுரைகளே எழுதினார். 2013-இல் நோபல் பரிசு பெற்றபோது, இக்காலத்தில் தமக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திராது என்று அவரே கூறினார்.

மூன்றாவது குறை, மேற்கோளின் தன்மை. வரலாற்றில் மிக அதிகமாக, மூன்று லட்சம் முறைக்கு மேல், மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? புரதத்தின் அளவைக் காணும் ஒரு சோதனை முறையைப் பற்றி 1951-இல் ஆலிவர் லோரியும் கூட்டாளிகளும் எழுதியது. பயனுள்ள முறைதான். ஆயினும், 2014-இல் எடுக்கப்பட்ட கணக்கில் முதல் நூறு கட்டுரைகளுள் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன கட்டுரைக்கு இடமில்லை. பெருங்கண்டுபிடிப்புகள் விரைவில் பாடநூலுக்குள் சென்றுவிடுகின்றன. பிறகு அவற்றை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நியூட்டனின் விதியைப் பயன்படுத்துவோர் நியூட்டனின் நூலையா குறிப்பிடுகிறார்கள்?

கூட்டுக் கட்டுரைகளின் சிக்கலும் உண்டு. ஹிக்ஸ் துகளின் நிறையைக் கணித்து 2015-இல் வெளியான கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். அத்தனை பேருக்கும் ஒவ்வொரு மேற்கோளும் முழுதாகச் சேர்கிறது. தம் கட்டுரையைத் தாமே மேற்கோள் காட்டும் வழக்கமும் இருக்கிறது. தம்மிடமிருந்தும் தம் கூட்டாளிகளிடமிருந்தும் மட்டுமே பாதிக்கு மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றவர்கள் 250 பேருக்கும் குறையாமல் இருப்பதை 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது.

தீங்கு எங்கே?

எண்ணுவதில் தீங்கில்லை. அதைக் கொண்டு பதவி வழங்குவதில்தான் தீங்கு. நிலையான வேலைக்கு 12, பேராசிரியர் பதவிக்கு 18 என்ற அளவுகளை ஹிர்ஷே 2005-இல் குறிப்பிட்டிருந்தார். எண்ணைக் கொண்டே வேலை என்றால், இளம் ஆய்வாளர் என்ன செய்வார்? பத்தாண்டு உழைப்பைக் கேட்கும் கடினமான வினாவைக் கைவிடுவார். பலர் மொய்க்கும் வினாவை எடுப்பார். ஒரு கட்டுரையை மூன்றாக உடைப்பார். அளவுகோலுக்கு ஏற்ப அறிவியலே வளையத் தொடங்கும். தம் எண் படுமோசமாகத் தவறவும், எதிர்பாராத கடுமையான தீமைகளை விளைவிக்கவும் கூடும் என்று 2020-இல் ஹிர்ஷே எழுதினார்.

வெப்பமானி காய்ச்சலைக் காட்டும், நோயைச் சொல்லாது. மேற்கோள் எண்ணும் அப்படித்தான். ஒரு கட்டுரை எங்கே பேசப்படுகிறது என்று தேட அதைப் பயன்படுத்துங்கள். பேசப்படுவது சரியா, ஆழமானதா என்று அறிய வேறு வழியில்லை. கட்டுரையைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

நாளை ஆராய்ச்சிக்குச் செல்லவிருக்கும் மாணவர்களே! வழிகாட்டியைத் தேடும்போது அவருடைய எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அவர் எழுப்பிய வினா என்ன, அதற்கு என்ன விடை கண்டார் என்று கேளுங்கள். விஞ்ஞானியை அளக்க அதைவிட நம்பகமான அளவுகோல் இதுவரை கிடைக்கவில்லை.