அச்சம் பிறக்கும் இடம்

தனித்த விடுதிக்குச் செல்லும் தம்பதியரைத் திகில் சூழ்வது திரைப்படத்திற்குப் பழகிய கதையமைப்பாகும். பேய் பிசாசுகளை நாடாமலே அவ்வமைப்பைக் கையாண்ட படைப்பு, பிரசன்ன விதானகே நெறிப்படுத்திய ‘பரடைஸ்’ (2023). பூசான் திரைப்பட விழாவிற் கிம் ஜிசோக் விருது பெற்ற இம்மலையாளப் படம், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்கிடையே நமது மலையகத்திற்கு வரும் இந்தியத் தம்பதியரைப் பற்றியது.

களவுபோன மடிக்கணினியை மீட்டுத்தருமாறு கணவன் கேசவ் பொலிசாரை நெருக்குகிறான். தோட்டத் தமிழர் சிலர் பிடிக்கப்படுகின்றனர். உறுதியின்றியே அவன் அவர்களை அடையாளங்காட்டுகிறான். மனைவி அமிர்தா தயங்குகிறாள். பிடிபட்டவருள் ஒருவர் சித்திரவதைக்குள்ளாகி இறக்கிறார். நள்ளிரவுக் கதவோசையினும் கேசவின் அந்த ஒரு சொல்லே நம்மை நடுங்கவைக்கிறது.

தம்பதியர் மேற்கொள்வது இராமாயணச் சுற்றுலா என்பதும் நோக்கற்பாலது. கன்னியா வெந்நீரூற்று, இராவணன் வெட்டு ஆகியவற்றைக் கொண்ட திருகோணமலை மாவட்டத்தினர்க்கு இக்கதைகள் அண்மையானவை. 2006 இல் போரினால் இடம்பெயர்ந்த ஈச்சிலம்பற்று மக்கள், பயணி காணும் நிலமும் குடிகள் வாழும் நிலமும் வேறென்பதை நன்கறிவர்.

எனினும் ஒரு குறையுண்டு. ‘ஒப நத்துவ ஒப எக்க’ (2012) படத்தில் தமிழ்ப் பெண்ணொருத்தியை நடுநாயகமாக்கிய விதானகே, இங்கு தோட்டத் தமிழரைத் துன்புறுவோராக மட்டுமே காட்டுகிறார். அவர்கள் பேசியிருப்பின் கேசவின் குற்றம் இன்னும் கனத்திருக்கும். ஆயினும், அதிகாரத்தை ஏவுபவனும் அதன் கொடுமைக்குப் பொறுப்பாளி என்பதைத் தயவின்றி உணர்த்துவதால் இப்படம் நமது கவனத்திற்குரியதாகிறது.